மாதவிடாய் நிற்கும் பருவத்தில் டாக்டரை நாடுதல்

கூலிப் பட்டுவாடா நாளன்று சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். இருபது ஆண்டுகளாகக் குறித்த நாளில் உருப்படியை ஒப்படைத்துக் கூலி பெற்றுச் சென்ற ஓர் அம்மாள், 46, 47 வயதில் திடீரெனப் பின்தங்குகிறார். மாதம் நான்கு சேலை நெய்தவர் இரண்டு நெய்கிறார். கொண்டுவந்த சேலையிலும் ஊடை தப்பியிருக்கிறது; கரையில் பிசகு இருக்கிறது; கூலியில் பிடித்தம் விழுகிறது. "உடம்புக்கு என்ன அம்மா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, வயதாகிறது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உழவர் குடும்பங்களிலும் இதே கதைதான். நடவுக்கு முதல் ஆளாக வயலில் இறங்கியவர், பாதி வேளையில் வரப்பேறி அமர்ந்து முந்தானையால் விசிறிக்கொள்கிறார். அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பாரும் இல்லை; அவராகச் சொல்வதும் இல்லை.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உண்டாகும் உபாதைகளைப் பற்றியும், அவை பொறுக்க முடியாதபோது டாக்டரிடம் சென்று உதவி பெறும் முறையைப் பற்றியும் இவ்விதழில் எழுத எண்ணினோம். கூட்டுறவுப் பத்திரிகையில் இது எதற்கு என்று சில அங்கத்தினர்கள் முகஞ்சுளிக்கலாம். நூல் விலையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் மாதந்தோறும் எழுதுகிறோம். நூலை நெய்கிறவரும் உரத்தைச் சுமக்கிறவருமான பெண்களின் உடல்நிலையைப் பற்றி எழுதுவதற்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? ஆண் அங்கத்தினர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பது பெரும்பாலான வீடுகளில் அவர்கள் வாய்ச்சொல்லால்தான் தீர்மானமாகிறது.

முதலில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி நேர்கிறது. மேனாட்டுப் பெண்களுக்கோ 51 வயதளவில் நேர்கிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அதை இயல்பு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, மாதவிடாய் முறை தவறி, ஒரு மாதம் அதிகமாகவும் மறுமாதம் இல்லாமலும் வரத் தொடங்கும். உபாதைகளும் பெரும்பாலும் அப்போதே தலைகாட்டுகின்றன.

இதற்குக் காரணம் என்ன? கர்ப்பப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஒருவகைச் சுரப்பு நீரை இளமை முதல் இரத்தத்தில் சேர்த்துவருகின்றன. வயது ஏற ஏறச் சினைப்பைகளின் வேலை ஓய்கிறது. அந்தச் சுரப்பும் ஏறியும் இறங்கியுமாக இருந்து முடிவில் மிகவும் குறைந்துவிடுகிறது. உடலின் வெப்பத்தைச் சமன்செய்யும் ஒரு பகுதி மூளையின் அடிப்புறத்தில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தவுடன் அப்பகுதி நிதானம் இழந்து, சிறிது வெப்பம் கூடினாலும் பெருஞ்சூடு வந்துவிட்டதாகக் கருதி, தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து வியர்வையைப் பெருக்குகிறது. மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் தீப்போல் ஏறும் அந்தச் சூட்டின் மூலம் இதுவே. நம் பெண்கள் இதனை "உடம்புச் சூடு" என்று சொல்லி எண்ணெய் முழுக்கும் இளநீருமாகச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். வயிற்றில் சூடு ஏறியதனால் வந்ததன்று இது.

இச்சூடு சில நிமிஷங்களில் தணிந்துவிடும். ஆயினும் ஒரு நாளைக்குப் பத்து முறை வந்தால் வேலை என்னாவது? பாவு இழை அறாதிருக்க வேண்டி ஈரப்பதத்தைக் காத்துவைத்திருக்கும் தறிக் கூடத்தில், குழித்தறியில் கால் இறக்கி அமர்ந்திருப்பவருக்கு இது எத்தகைய சோதனை என்பதை நெசவாளர்கள் அறிவார்கள். இரவில் வந்தால் இன்னும் கொடிது. பாய் நனையும் அளவுக்கு வியர்த்து விழித்து, உடனே குளிரெடுத்துப் போர்த்தி, மீண்டும் கண்ணயர்வதற்குள் கோழி கூவிவிடும். தூக்கம் கெட்டால் மறதி வருகிறது, எரிச்சல் வருகிறது, காரணமின்றி அழுகை வருகிறது. மூட்டுவலி, நெஞ்சு படபடப்பு, சிறுநீர்க் கடுப்பு, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்ச்சி, பெண்ணுறுப்பு உலர்ந்து தாம்பத்தியத்தில் வலி ஆகியவையும் உண்டாகலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. சிலருக்கு ஒன்றும் தெரியாமலே கழிந்துவிடும். ஆனால் சூடும் வியர்வையும் வந்தவர்களில் பலருக்கு அவை ஓராண்டில் முடிவதில்லை. ஏழாண்டுகள் வரையிலும் நீடிப்பது அபூர்வமன்று. ஏழாண்டு காலம் தூக்கமின்றி ஒருவர் எப்படி நெய்வார்?

"இது இயற்கைதானே, இதற்கு ஏன் டாக்டர்?" என்பது பெரியவர்கள் கேட்கும் கேள்வி. பிரசவமும் இயற்கைதான், அதற்காக அந்நேரத்தில் மருத்துவச்சியை அழைக்காமல் இருந்தோமா? வந்திருப்பது நோயன்று என்பது உண்மை. வரும் துன்பத்துக்குப் பரிகாரம் உண்டு என்பதும் உண்மையே.

நமக்கு நன்கு அறிமுகமான நெசவாளக் குடும்பத்தில் நடந்ததை இங்கே சொல்லுவோம். அந்த அம்மாளுக்கு வயது 48. இரண்டாண்டுகளாக இரவில் தூக்கமில்லை. ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நீண்ட வரிசை. முறை வந்ததும் "அசதியாக இருக்கிறது, டாக்டர்" என்று மட்டும் சொன்னார். "இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான்" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. ஆறு மாதம் கழித்து மருமகள், "அத்தை, நீங்கள் சொல்லமாட்டீர்கள், நான் எழுதித் தருகிறேன்" என்று சொல்லி, ஒரு பள்ளி நோட்டில் நாள்தோறும் குறித்துவந்தாள். ஒரு மாதக் குறிப்புடன் வேறொரு டாக்டரிடம் சென்றார்கள். இரவில் எத்தனை முறை விழித்தார், பகலில் எத்தனை முறை சூடு வந்தது, மாதவிடாய் எத்தனை நாள் நீடித்தது, எத்தனை துணி மாற்றினார் என்று அதில் இருந்தன. பத்து நாளுக்கு மேல் போக்கு நீடித்ததைப் பார்த்தவுடனே அந்த டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8 இருந்தது. அந்த அம்மாள் இவ்வளவு நாளும் "வயதாகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி இரத்தச் சோகை! முதலில் சென்ற இடத்தில் அசட்டையாக இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. எனினும் இரவு வியர்வையையும் பத்து நாள் போக்கையும் அங்கே அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகையால் டாக்டரிடம் போகுமுன் ஒரு மாதமேனும் நோட்டில் குறித்து வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. எழுதத் தெரியாதவர்கள் நாட்காட்டியில் கோடு போட்டால் போதும். கடைசி மாதவிடாய் வந்த தேதி மிகவும் முக்கியம்; டாக்டர் முதலில் கேட்பதும் அதுவே. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா, தமக்குக் காலில் இரத்தம் கட்டியது உண்டா, பக்கவாதம் உண்டா, இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டா என்பவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த மருந்து தரலாம், எதைத் தரக்கூடாது என்று தீர்மானிக்க இவையே ஆதாரம். உலர்ச்சியையும் தாம்பத்திய வலியையும் சொல்ல நாக்கு எழாதவர்கள் அதைக் காகிதத்தில் எழுதி நீட்டலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதும் தவறன்று.

டாக்டர் என்ன செய்வார்? இரத்தக் கொதிப்பும் எடையும் பார்ப்பார். இரத்தச் சோகை, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்குப் பரிசோதனை எழுதுவார். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் படபடப்பும் வியர்வையும் உண்டாகும். ஆகவே அதைப் பார்ப்பது அவசியம். 45 வயதைக் கடந்து, அறிகுறிகளும் தெளிவாக இருப்பவர்களுக்கு, மாதவிடாய் நிற்கிறதா என்று கண்டறிய விலையுயர்ந்த ஹார்மோன் பரிசோதனைகள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மற்றொன்றும் நினைவிருக்கட்டும். இரவில் வியர்ப்பதெல்லாம் இந்தப் பருவத்தினால் அன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும், மாலைக் காய்ச்சலும், உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் அது காசநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

தாமதிக்கவே கூடாத ஒரு நிலைமை உண்டு. மாதவிடாய் முற்றும் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் இரத்தம் பட்டால், அது ஒரு துளியாயினும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். "மறுபடியும் இளமை திரும்பிவிட்டது" என்று கேலி பேசி நாளைக் கடத்துவதை நாம் கேட்டிருக்கிறோம். இப்படி இரத்தம் கண்டவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் இருக்கக்கூடும். மற்ற ஒன்பது பேருக்குக் காரணம் சாதாரணமானது. அந்த ஒருவருக்குத்தான் நாட்கள் முக்கியம். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

இனி, நம் மனத்தை மிகவும் வருத்தும் ஒரு விஷயத்துக்கு வருவோம். மாதவிடாய்த் தொல்லை என்று டாக்டரிடம் சென்ற எத்தனையோ கிராமத்துப் பெண்கள் கர்ப்பப்பையை இழந்து திரும்பியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தியைக் கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள் அவசியம் அறிய வேண்டும். அந்த ஜில்லாவிலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் சுமார் 82,000 பேரைக் கணக்கெடுத்ததில், 13,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருந்தது. அவர்களில் பலர் 40 வயதை எட்டாதவர்கள். கணவன் மனைவி இருவரையும் ஒரே ஆள் கணக்காக வைத்து முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்லும் ஒப்பந்தக்காரர்கள், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் அபராதம் பிடிக்கிறார்கள். மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் இல்லாதிருந்தால் கூலி குறையாது என்ற எண்ணமும், "எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்" என்று சிலர் மூட்டிய அச்சமும் சேர்ந்து இக்கேடு விளைந்தது. தேவையற்ற இத்தகைய அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கர்ப்பப்பையை நீக்குவது எப்போதும் தவறு என்று நாம் சொல்லவில்லை. புற்றுநோய் இருந்தாலும், வேறு எதற்கும் அடங்காத பெரும்பாடு இருந்தாலும் அது உயிர் காக்கும் சிகிச்சை. ஆனால் பெரும்பாட்டுக்கு அதற்குமுன் செய்யக்கூடியவை பல உண்டு. போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. சோகைக்கு இரும்புச் சத்து இருக்கிறது. கர்ப்பப்பையில் உள்ள நார்க்கட்டிகள் மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தாமே சுருங்கும். எனவே அறுவைச் சிகிச்சை என்ற பேச்சு வந்தால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: என்ன நோய் என்று கண்டிருக்கிறீர்கள்? உட்சவ்வைப் பரிசோதித்தீர்களா? மருந்தால் முடியாதா? சினைப்பைகளையும் எடுக்கப் போகிறீர்களா? இக்கடைசிக் கேள்வி மிகவும் அவசியமானது. மாதவிடாய் நிற்காத பெண்ணின் சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டால், படிப்படியாக வர வேண்டிய மாறுதல் அன்றே, ஒரே நாளில், முழு வேகத்தோடு வந்துவிடும். எலும்பும் விரைவில் வலுவிழக்கும். அவசர நிலைமை இல்லாதபோது, ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ இன்னொரு டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்டு வருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

சூட்டுக்கும் வியர்வைக்கும் மிகுந்த பலன் தரும் மருந்து, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனையே சிறிதளவு திரும்பக் கொடுப்பதுதான். இம்மருந்தின் கதை விசித்திரமானது. 1942இல் அமெரிக்காவில், சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. பின்னர் அதை என்றும் இளமை தரும் காயகற்பம் போலக் கொண்டாடி அளவின்றி வழங்கினார்கள். 2002 ஜூலையில், 16,608 பெண்களிடம் நடந்துவந்த ஒரு பெரிய ஆராய்ச்சியை இடையிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனுடன் அதன் துணை ஹார்மோனையும் சேர்த்து உண்ட பெண்களில், ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் கண்டது. பக்கவாதமும் ஏறக்குறைய அதே அளவு கூடியது. உலகமெங்கும் பெண்கள் அஞ்சி மாத்திரையை விட்டொழித்தார்கள். டாக்டர்களும் எழுதுவதை நிறுத்தினார்கள். அந்த ஆராய்ச்சியில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது அந்தப் பரபரப்பில் பலர் கண்ணில் படவில்லை.

இன்று நிபுணர்கள் கொண்டுள்ள கருத்து நிதானமானது. 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாதவர்களுக்கும், தடை வேறொன்றும் இல்லையானால், கடும் உபாதைக்கு இதைக் கொடுப்பதில் நன்மையே மிகுதி. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கலாகாது. உட்சவ்வில் புற்றுநோய் வராதபடி துணை ஹார்மோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக் கட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப் போக்கு ஆகியவை உள்ளவர்களுக்கு இது ஆகாது. தோலில் தடவும் களிம்பாகவோ ஒட்டும் பட்டையாகவோ கொடுத்தால் இரத்தக் கட்டி ஏற்படும் அபாயம் மாத்திரையினும் குறைவு. பக்கத்து வீட்டு அம்மாள் சாப்பிடுகிறார் என்று கடையில் வாங்கி விழுங்கும் மருந்தன்று இது என்பதை இனிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஹார்மோன் ஆகாதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. மனச் சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளைக் குறைந்த அளவில் கொடுத்தால் சூடு தணிகிறது. மருந்துக் கடையில் "இது மனநோய் மாத்திரை ஆயிற்றே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. எதற்காகக் கொடுத்தீர்கள் என்று டாக்டரையே கேட்டுத் தெரிந்துகொண்டால் இந்தத் தடுமாற்றம் வராது. உலர்ச்சிக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் உள்ளே இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல குணம் தருகிறது; அது இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். வயலில் ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலிருக்கும் பெண்களுக்குக் கடுப்பு திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை. இதற்கு மருந்தைக் காட்டிலும் களத்துமேட்டில் ஒரு கழிப்பறைதான் முதல் தேவை. சங்கங்கள் இதை மனத்தில் கொள்ளலாம்.

ஆகாரத்தைப் பற்றி நீட்டிச் சொல்லப்போவதில்லை. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தறிக் கூடத்திலேயே பொழுதைக் கழிப்பவர்கள் தினமும் சிறிது நேரமாவது வெயில் படும்படி நடக்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுவதை விடுவது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. மாதவிடாய் தள்ளிப்போகத் தொடங்கியதும் இனிக் கருத்தரிக்காது என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. முற்றும் நின்று ஓராண்டு, 50 வயதுக்கு உட்பட்டவராயின் ஈராண்டு, கழியும்வரை எச்சரிக்கை வேண்டும்.

முதலில் எங்கே போவது என்று கேட்பவர்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இரத்தச் சோகை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை அங்கேயே செய்துகொள்ளலாம்; மேற்கொண்டு பெண் நோய் மருத்துவரிடம் போக வேண்டுமானால் தாலூகா ஆஸ்பத்திரிக்கோ ஜில்லா ஆஸ்பத்திரிக்கோ சீட்டு எழுதிக்கொடுப்பார்கள். உடன் வரும் கணவர் அல்லது மகன், டாக்டர் அந்த அம்மாளைக் கேட்கும் கேள்விகளுக்குத் தாம் முந்திக்கொண்டு பதில் சொல்லாதிருப்பாராக. மருந்து தொடங்கி மூன்று மாதம் கழித்து, அதே நோட்டில் குறித்துக்கொண்டு மறுபடியும் போய்க் காட்ட வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா என்பது அப்போதுதான் தெரியவரும். மேலே சொன்ன நெசவாள அம்மாளுக்கும் முதலில் தந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது முறை மாற்றிக்கொடுத்த பிறகே இரவில் விழிப்பது நின்றது. சென்ற மாதப் பட்டுவாடாவில் மூன்று சேலைக்குப் பிடித்தமின்றிக் கூலி வாங்கினார்.